காதுக்கும் காவல் தேவை

மைசூரு மானசகங்கோத்திரி பகுதியில் இயங்கிவரும் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், 1960-களின் நடுப்பகுதியில் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. பிறவியிலேயே செவித்திறன் குறைந்த குழந்தைகளும், முதுமையால் கேட்கும் திறனை இழந்தவர்களும் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் நாடும் இடம் அது. இந்த இரு பிரிவிலும் சேராத இன்னொரு பிரிவை இப்போது நாமே உருவாக்கிக் கொண்டிருக்கிறோம். நல்ல காதுகளோடு பிறந்து, இளமையிலேயே அவற்றைச் செல்பேசியிடம் பறிகொடுப்பவர்கள்தான் அவர்கள்.

இது வெறும் அச்சமல்ல. 12 முதல் 35 வயது வரையிலான 100 கோடிக்கும் அதிகமானோர், உரத்த ஒலியைத் தொடர்ந்து கேட்பதால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதையே 90 டெசிபலாக உயர்த்தினால் 4 மணி நேரம்தான் பாதுகாப்பானது என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. ஒலியளவைச் சற்றே கூட்டுவதாக நாம் நினைக்கிறோம். காது தாங்கும் நேரமோ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

உள்காதில் உள்ள நுண்ணிய முடி செல்கள்தான் ஒலி அதிர்வை நரம்புக்குக் கடத்துகின்றன. அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வலி எதுவும் இல்லாமல் மெல்ல மெல்ல நிகழும் இழப்பு என்பதால், பாதிக்கப்பட்டவர் உணரும்போது காலம் கடந்துவிடுகிறது.

பேருந்துகளில் செல்பேசியில் உரக்கப் பாட்டு வைப்பதைக் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021-ல் தடை செய்தது. சக பயணிகளின் நிம்மதியைக் கருதி எடுக்கப்பட்ட சரியான முடிவு அது. ஆனால், பாட்டு இயர்போனுக்கு இடம் மாறினால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. என்ஜின் இரைச்சலையும் சாலை இரைச்சலையும் மீறிக் கேட்பதற்காக ஒலியளவை உச்சத்துக்குக் கொண்டுபோகும் இளைஞர், ஊர் போய்ச் சேரும் வரை அதைக் குறைப்பதில்லை.

அடைபட்ட காது, சாலையில் உயிரையே பறிக்கவும் கூடும். 2018 ஏப்ரல் 26-ல் உத்தரப் பிரதேச மாநிலம் குஷிநகர் மாவட்டத்தில், ஆளில்லா ரயில்வே கடவுப்பாதையைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் உயிரிழந்தனர். வேன் ஓட்டுநர் இயர்போன் அணிந்திருந்ததாக அப்போது கூறப்பட்டது. அகல ரயில் பாதைகளில் ஆளில்லாக் கடவுகள் மறு ஆண்டே அகற்றப்பட்டுவிட்டன. நமது பழக்கம்தான் மாறவில்லை. வாகனம் ஓட்டும்போது செல்பேசி பயன்படுத்தினால் ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரை அபராதமோ சிறைத் தண்டனையோ விதிக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ம் ஆண்டுத் திருத்தம் வகை செய்கிறது. ஆனால், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களைத்தான் அது குறிப்பிடுகிறது. இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு இரு சக்கர வாகனம் ஓட்டுபவரைப் பற்றியும் சட்டம் தெளிவாகப் பேச வேண்டும்.

இயர்போன் பயன்பாட்டை நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்ளுமாறு 2025 பிப்ரவரியில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் அறிவுறுத்தியது. அறிவுரை கடிதத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒலியளவையும் கேட்ட நேரத்தையும் கணக்கிட்டு எச்சரிக்கும் வசதிக்கான தரநிலையை உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-லேயே வெளியிட்டுள்ளன. இந்தியாவில் விற்கப்படும் எல்லாச் செல்பேசிகளுக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். பள்ளிகளில் கண் பரிசோதனையைப் போலவே ஆண்டுதோறும் செவிப் பரிசோதனையும் நடத்தப்பட வேண்டும்.

அரசுக்காகக் காத்திராமல் வீட்டிலேயே செய்யக் கூடியவையும் உண்டு. ஒலியளவை உச்ச அளவில் 60 சதவீதத்துக்குள் வைப்பது, இடையிடையே காதுக்கு ஓய்வு தருவது, சாலையையும் தண்டவாளத்தையும் கடக்கும்போது இயர்போனைக் கழற்றிவிடுவது ஆகியவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. உரக்கக் கேட்கும் பிள்ளையைக் கண்டிக்கும் பெற்றோர், முதலில் தங்கள் செல்பேசியின் ஒலியைக் குறைத்துக் காட்ட வேண்டும்.

மைசூரு நிறுவனம் போன்றவை நம் நாட்டில் மிகச் சில. அவற்றின் சேவை, வேறு வழியின்றிச் செவித்திறனை இழந்தவர்களுக்கே முதலில் கிடைக்க வேண்டும். தவிர்த்திருக்கக் கூடிய இழப்போடு இளைய தலைமுறை அந்த வாசலில் வரிசையில் நிற்கும் நிலையை நாமே ஏற்படுத்தலாகாது.