மாற்றும் தேதியை விலங்கே சொல்லட்டும்

திருச்சூர் நகரின் நடுவே, செம்புக்காவில், 1885 முதல் இருந்துவந்த விலங்குக் காட்சிசாலையின் பரப்பு பதின்மூன்றரை ஏக்கர். அங்கிருந்த விலங்குகளுக்காகப் புத்தூரில் 336 ஏக்கரில் எழுந்த பூங்கா 2025 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜான் கோ. கம்பிக்குப் பின்னால் விலங்கை நிறுத்திக் காட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, விலங்கின் வாழிடத்துக்குள் பார்வையாளரை நடக்கவைக்கும் முறையைச் சியாட்டில் வுட்லண்ட் பார்க் காலத்திலிருந்தே வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர் அவர். நமக்கு இவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு பூங்கா வந்தது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் பெருமை. விழா முடிந்து இரண்டு வாரத்தில் மான்களின் அடைப்புக்குள் தெருநாய்கள் புகுந்தன. பத்துப் புள்ளிமான்கள் இறந்தன.

நாயின் பல் பட்டு இறந்தவை எத்தனை, மிரண்டு ஓடி இறந்தவை எத்தனை என்று பிரிப்பது விசாரணையின் வேலை. துரத்தப்பட்ட மானுக்கு என்ன ஆகும் என்பது மானோடு பழகிய எல்லோருக்கும் தெரியும். உடல் கொதிக்கும், தசையில் அமிலம் ஏறும், தசைநார் சிதைந்து அதன் நிறமி சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில மான்கள் அங்கேயே விழும். சில, ஆபத்து நீங்கிவிட்டது என்று நாம் மூச்சு விட்ட பிறகு, நாட்கள் கழித்து விழும். கேப்ச்சர் மயோபதி எனப்படும் இந்நிலை வந்த பின் செய்ய முடிவது மிகக் குறைவு. வராமல் பார்த்துக்கொள்வதுதான் மருத்துவம். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புது இடத்துக்கு வந்த மானுக்கு வேலி எங்கே முடிகிறது, எந்தப் புதர் தன்னை மறைக்கும், எந்தப் பக்கம் ஓடினால் முட்டிக்கொள்ளாது என்பது எதுவும் தெரியாது. பழைய காட்சிசாலையின் நெரிசலில் நாயைக் கண்டு ஒதுங்கத் தெரிந்த மந்தை, புது இடத்தில் கண்மண் தெரியாமல் ஓடும். லாரியின் பின்கதவைத் திறந்து இறக்கிவிட்டதோடு இடமாற்றம் முடிந்துவிட்டதாக நம் கோப்புகள் சொல்கின்றன. மானுக்கு அது அப்போதுதான் தொடங்குகிறது.

கட்டட வேலை நடக்கும் வளாகத்தில் நாய்கள் இருக்கத்தான் செய்யும். தொழிலாளர் கொட்டகை இருக்கும் இடத்தில் சோறு இருக்கும், சோறு இருக்கும் இடத்தில் நாய் குட்டி போடும். மழைநீர்க் கால்வாயின் வாய், ஜல்லி லாரிக்காகத் திறந்தே கிடக்கும் கேட், மண் இன்னும் நிரப்பாத பள்ளம் என்று வழிகளும் இருக்கும். கடைசி ஒப்பந்தக்காரர் வெளியேறி, சுற்றுவேலியை ஒருவர் இரவில் விளக்குப் பிடித்து முழுதாக நடந்து பார்த்து, நாய்களும் அப்புறப்படுத்தப்பட்ட பின்பே இரைவிலங்குகள் உள்ளே வர வேண்டும். இது எளிய விதி. இந்த விதி உடைவதற்கு எப்போதும் ஒரே காரணம்தான்: தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிடுகிறது.

இந்த இதழ் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான். இடமாற்றத்தின் தேதியை விழா மேடை குறிக்கக் கூடாது, பழைய நிலத்துக்குக் காத்திருப்பவர்களும் குறிக்கக் கூடாது. கூண்டுக்குள் தானாக நடந்துபோய்த் தின்றுவிட்டுத் திரும்பப் பழகிய விலங்கு குறிக்கட்டும். புலிக்கும் கரடிக்கும் போக்குவரத்துக் கூண்டை இரவுக் கூடத்தின் கதவோடு பொருத்தி, வாரக்கணக்கில் அதற்குள்ளேயே இறைச்சியோ பழமோ வைத்துப் பழக்க முடியும். அப்படிப் பழகிய விலங்குக்குப் பெரும்பாலும் மயக்க ஊசி தேவைப்படுவதில்லை. மான் மந்தைக்கு மத்தியப் பிரதேச வனத்துறை காடுகளுக்கிடையே புள்ளிமானையும் பாராசிங்காவையும் மாற்றக் கையாண்ட போமா முறை நம் முன் இருக்கிறது. புனல் வடிவில் திரைத் தடுப்பு, அதன் முனையில் வாகனம், கையால் தொடாமல் மந்தையை ஏற்றுவது. அதிலும் அவசரம் உதவாது. திரைக்குள்ளே மேயப் பழகும் வரை காத்திருந்தவர்களுக்கே அது பலன் தந்திருக்கிறது.

சென்னையின் அனுபவத்தை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது. எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குத் தொகுப்பு, பிறகு சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், ஒரு நூற்றாண்டுக்கு மேல் நகர இரைச்சலுக்கும் ரயில் புகைக்கும் நடுவே இருந்தது. 1970களில் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். அகழி சூழ்ந்த திறந்த அடைப்புகளைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். வெட்டவெளியாகக் கிடந்த புதர்க்காட்டில் ஊர் மக்களையும் சேர்த்துக்கொண்டு மரம் நட்டது அதைவிடப் பெரிய வேலை. சிறு காட்சிசாலையில் ஒரு தகரக் கூரை நிழலாகிவிடும். பெரிய அடைப்பில் மரம்தான் கூரை, அதைச் சிமென்ட் போல மூட்டையில் வாங்கிவர முடியாது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் ஒரே பகலில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது அதன் அருமை எல்லோருக்கும் உறைத்தது. புதிய பூங்கா கட்டுபவர்கள் முதல் டெண்டரை நாற்றங்காலுக்கு விடுவதே முறை.

பரப்பு கூடினால் நலம் கூடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். கூடும்தான், ஆனால் புதுச் சிக்கலையும் கொண்டுவரும். சின்னக் கூண்டில் இருந்த விலங்கு சாயங்காலம் காப்பாளரின் குரலுக்கு வந்துவிடும். ஏக்கர் கணக்கில் திறந்துவிட்ட விலங்கு வராது. 2025 அக்டோபரில் வண்டலூரின் சிங்க உலாவிடத்தில் முதன்முறையாக வெளியே விடப்பட்ட ஓர் இளஞ்சிங்கம் இரவுக் கூடத்துக்குத் திரும்பவில்லை. ட்ரோன் விட்டுத் தேடினார்கள். இரண்டு நாளில் அது தானே வந்து சேர்ந்தது. பத்திரிகைகளுக்கு அது பரபரப்பான செய்தி. நமக்கு அது பாடத்திட்டம். அழைத்தால் வராத விலங்கின் எடையை நிறுக்க முடியாது, சாணத்தைப் பரிசோதிக்க முடியாது, நொண்டுவதை மூன்றாம் நாள்தான் பார்ப்போம். மணி ஒலிக்கோ விசில் ஒலிக்கோ திரும்பும் பழக்கம் பழைய இடத்திலேயே ஊன்றிவிட வேண்டும். அந்த ஒலியை எழுப்பிய காப்பாளரும் கூடவே போக வேண்டும்.

காப்பாளரைப் பற்றி எந்த மாஸ்டர் பிளானும் போதுமான அளவு பேசுவதில்லை. நகரத்தில் பஸ் பிடித்து வேலைக்கு வந்தவருக்குப் புதிய பூங்கா ஊருக்கு வெளியே இருக்கும். குடியிருப்பு கிடையாது, பிள்ளைகளின் பள்ளி பழைய இடத்தில். அவர் விலகுவார் அல்லது வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்பார். அவரோடு இருபது ஆண்டு அறிவும் போய்விடும். எந்தக் கரடி இடது பக்கக் கதவை வெறுக்கும், எந்தச் சிங்கவால் குரங்கு புதியவர் கையால் வாங்காது என்பதெல்லாம் பதிவேட்டில் இல்லை. பூங்காவின் நிதி அறிக்கையில் காப்பாளர் குடியிருப்பு அலங்கார நுழைவாயிலுக்கு முந்திய வரியில் வர வேண்டும் என்று கேட்கிறோம்.

இனி வரப்போகும் காட்சிகளின் விஷயம். பிரிட்டனில் பிரிஸ்டல் விலங்குக் காட்சிசாலை 1836 முதல் இருந்த கிளிஃப்டன் நகர வளாகத்தை 2022 செப்டம்பரில் மூடியது. ஊருக்கு வெளியே ஏற்கெனவே வைத்திருந்த நிலத்துக்கு மாறியது. கொரில்லாக் குடும்பம் மட்டும் நகரத்திலேயே தங்கியது, புதிய இல்லம் கட்டி முடியவில்லை என்பதால். மூடிய வளாகத்துக்குள் 2025இல் புகுந்தவர்கள் எடுத்த படம் பரவி, கொரில்லாக்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. தினமும் காப்பாளர்கள் பராமரிக்கிறார்கள் என்று நிர்வாகம் விளக்க வேண்டியதாயிற்று. அந்த அவப்பெயரைத் தாங்கிக்கொண்டு, அரைகுறை வீட்டுக்கு விலங்கை அனுப்பாமல் காத்திருந்ததை நாம் பாராட்ட வேண்டும். அவர்கள் வகுத்த பட்டியலையும் கவனிக்கலாம். மத்திய ஆப்பிரிக்கக் காடு என்று ஒரே ஒரு நிலம். அதில் கொரில்லா, மாங்கபே குரங்கு, மெல்லிய மூக்கு முதலை, சாம்பல் கிளி. எல்லாம் ஒரே காட்டின் உயிர்கள், எல்லாம் அழிவின் விளிம்பை நெருங்கியவை.

நம் பட்டியல்கள் இப்படி எழுதப்படுவதில்லை. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை என்றே எங்கும் தொடங்குகிறோம். குழந்தைகள் கேட்கிறார்கள் என்பது உண்மை, அதை மதிக்கவும் வேண்டும். ஆனால் புத்தூர் போல, பீச்சி காட்டுக்கு அருகில் அமைந்த ஒரு பூங்காவுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையைவிட நெருக்கமான நிலம் எது? இருவாச்சிக்கு உயர்ந்த பறப்பிடம், மலையணிலுக்கு மேல்விதானப் பாலங்கள், திருவிதாங்கூர் ஆமைக்கு இலைச்சருகுத் தரை, சிங்கவால் குரங்குக்கு இனப்பெருக்கத் திட்டத்தோடு இணைந்த ஒரு மந்தை. இரவு விலங்குகளுக்குத் தனி இல்லம் கட்டித் தேவாங்கைக் காட்டலாம். தமிழ்நாட்டில் கடவூர் காட்டை 2022இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்த பிறகும், தேவாங்கை நேரில் பார்த்தவர் மிகச் சிலர். பூச்சி தின்னும் அந்தச் சிறு உயிரை வளர்ப்பது புலியை வளர்ப்பதைவிடக் கடினம் என்பது நமக்குத் தெரியும். கடினம் என்பதே அதை எடுத்துச் செய்யக் காரணம்.

பெரிய அடைப்புகளில் புள்ளிமான் தானாகப் பெருகும் என்பதையும் இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும். நாட்டின் பல காட்சிசாலைகளில் உபரி மான்கள் தலைவலியாக இருக்கின்றன. ஆண், பெண்ணைப் பிரித்து வைக்கும் அடைப்புகள் வரைபடத்திலேயே இல்லை என்றால், ஐந்தாறு ஆண்டில் புதிய பூங்காவும் பழைய நெரிசலுக்குத் திரும்பும். காலியாக ஓர் அடைப்பு கிடந்தால் யாருக்கும் வெட்கம் வேண்டாம். அடுத்த விலங்கின் இரவுக் கூடம், தனிமைப்படுத்தும் அறை, விலங்கை அசையாமல் நிறுத்தும் மருத்துவரின் ஸ்க்வீஸ் கேஜ் மூன்றும் இயங்கத் தொடங்கிய பிறகு பெயர்ப்பலகை மாட்டினால் போதும். 2022 தொடக்கத்தில் கோவை வ.உ.சி. பூங்காவின் அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் நீக்கியது நினைவில் இருக்கட்டும். இடமே போதாமல் திணறிய அந்தச் சிறு வளாகத்துக்கு மாற்றிடம் பற்றி ஆண்டுக்கணக்காகப் பேசினோம். முடிவில் விலங்குகள் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து போயின.

அடுத்த இதழை முழுக்க இடமாற்றப் பதிவுகளுக்கே ஒதுக்குகிறோம். கூண்டுப் பழக்கத்துக்கு எத்தனை வாரம் பிடித்தது, வழியில் என்ன தீவனம் கொடுத்தீர்கள், வந்திறங்கிய முதல் மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது, எந்த விலங்கை இழந்தீர்கள் என்ற விவரங்களைக் காப்பாளர்களும் மருத்துவர்களும் எழுதி அனுப்புங்கள். இழப்புகளை மறைக்க வேண்டாம். பூங்காவின் பெயரை வெளியிட விரும்பாதவர்கள் அதைக் குறிப்பிட்டால் பெயரின்றி அச்சிடுவோம்.