ஒரு விநாடி தாமதம்

சித்திரையில் கூவாகம் போகும் திருநங்கைகளால் விழுப்புரத்து விடுதிகள் நிரம்பும். திருவிழா முடிந்தால் அவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பதே பாடு.

பிரிட்டனிலோ சண்டை வேறு. சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்றால் பிறப்பால் பெண்ணே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பெண்கள் காப்பகம், சிறை, விளையாட்டு ஆகியவற்றில் திருநங்கைகளைச் சேர்ப்பது குறித்து அங்குள்ள பெண்ணியவாதிகளில் ஒரு சாரார் எழுப்பும் கேள்விகளை வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. அதற்காக அந்தச் சண்டையை அப்படியே இங்கே இறக்குமதி செய்வானேன்?

இங்கே சிக்கல் விண்ணப்பத்திலேயே தொடங்குகிறது. காவல் உதவி ஆய்வாளர் பணிக்கான படிவத்தில் திருநங்கையான பிரித்திகா யாஷினிக்கு இடமே இருக்கவில்லை. வழக்குப் போட்டு நுழைந்தவர், ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு விநாடி பிந்தினார். அதைத் தடையாகக் கொள்ளாமல் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அவருக்கு வழிவிட்டது. 2017இல் தருமபுரியில் பொறுப்பேற்றார்.