பைபாசில் பறக்கும் வாலிபர்கள்: அபராதம் மட்டும் போதுமா?

திருச்சி சென்னை பைபாஸ் ரோட்டில் ராத்திரியானால் சில வாலிபர்கள் பைக்கில் பறக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் கடையை அடைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரம் ஒதுங்குகிறார்கள்.

2023 தீபாவளி சமயத்தில் சிறுகனூர் பக்கம் ஒரு வாலிபர் பைக்கில் பட்டாசைக் கட்டி, முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டினார். போலீசார் கைது செய்தனர். செய்தது சரிதான். அதோடு விஷயம் முடிந்ததா?

கோவை வீரர்

இதே வேகப் பித்து பிடித்த கோவை வாலிபர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் காரை ஓட்டி, பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அமெரிக்காவில் 4-வதாக வந்து 5 புள்ளி எடுத்தார்.

"அன்னைக்கு ஓடினதே 6 கார்தானே" என்று டீக்கடையில் கிண்டல் செய்பவர்கள் உண்டு. டயர் தகராறில் 14 கார்கள் விலகியது நிஜம். அது நரேன் குற்றமா? அவருக்கு முன்னால் போன மூவரில் இருவர் பெராரி காரில் போனவர்கள்!

நரேனுக்கு வேகம் பழக இடம் இருந்தது. அப்பாவும் கார் பந்தய வீரர். காசும் இருந்தது, மறைப்பானேன். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம். கோவையில் கரிவரதன் என்பவர் மாருதி எஞ்சினைப் போட்டு, குறைந்த செலவில் பந்தய கார் கட்டினார். 1995-ல் அவர் விமான விபத்தில் இறந்தார். பிறகு செட்டிப்பாளையத்தில் அவர் பெயரிலேயே ஒரு தடம் வந்தது.

செனா சாவு

தடம் இருந்தால் சாவு வராதா? வரும். பிரேசில் வீரர் அயர்டன் செனா 3 முறை உலக சாம்பியன். 1994 மே 1-ந்தேதி இத்தாலியில் இமோலா பந்தயத்தில் சுவரில் மோதி இறந்தார். வயது 34. முந்தின நாள்தான் அங்கே ஆஸ்திரிய வீரர் ஒருவர் பலியாகியிருந்தார்.

மறு வருஷமே செனா மோதிய வளைவை, வேகம் குறையும்படி மாற்றிக் கட்டினார்கள். கார்களையும் மாற்றினார்கள். அதன்பிறகு கிராண்ட் பிரீ பந்தயத்தில் வீரர் உயிர் போகும் விபத்து நடக்க 20 வருஷம் ஆனது.

இங்கே? ஒரு பையன் விழுந்தால் ரத்தத்தின் மேல் மண்ணைத் தூவி, வழக்கு எழுதி, பைக்கை ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடுகிறார்கள். ரோடு அப்படியேதான் கிடக்கிறது.

2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி கார் பந்தயமே நடந்தது. அரசே துணை நின்றது. திருச்சிக்கு அவ்வளவு பெரிசு வேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு சின்னத் தடம், ஓரத்தில் அடுக்கிய பழைய டயர், ஹெல்மெட், ஆம்புலன்ஸ், கற்றுக்கொடுக்க ஒரு ஆள். ஞாயிற்றுக்கிழமை கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டால் போதும்.

அப்புறமும் ரோட்டில் பறப்பவன் லைசென்சைத் தாராளமாக ரத்து செய்யட்டும்.