இலைக்காரருக்கு எங்கே டெஸ்க்?

போன மாதம் என் அண்ணன் மகன் மும்பையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனி ஒன்றின் டீலிங் ரூமில் அவனுக்கு வேலை. நம்மைப் போன்றவர்களின் ரிடையர்மென்ட் பணமெல்லாம் சேர்ந்து பங்காக மாறுவது அந்த டெஸ்க்கில்தான். பிள்ளைகளை சிம்ஸ் பார்க்கில் ஓடவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். "அப்படி என்னடா பண்றீங்க அங்கே?" என்று கேட்டேன்.

"முன்னாடி மாதிரி இல்லை சித்தப்பா. வாங்கறதை விக்கறதை மெஷின் பார்த்துக்குது. ஒழுங்கா வாங்குச்சா, என்ன விலைக்கு வாங்குச்சு, ஏன் அந்த விலைன்னு பதில் சொல்றதுதான் இப்ப எங்க வேலை."

விவரமாகச் சொன்னான். ஃபண்ட் மேனேஜர் 5 லட்சம் பங்கு வாங்கச் சொன்னால், அந்தக் காலத்து டீலர் நாலைந்து புரோக்கர்களுக்கு போன் போடுவார். யார் எவ்வளவு தருவார்கள் என்று மோப்பம் பிடிப்பார். அதற்குள் சேதி கசிந்து விலை ஏறிவிடும். 1995ல் பம்பாய் பங்குச் சந்தையில் கூவி விற்பது நின்று திரை வந்தது. பிறகு ஆர்டரைத் துண்டு துண்டாக்கி நாள் முழுக்கப் பரப்பி வாங்கும் மென்பொருள் வந்தது. டீலரின் வேலை போய்விடும் என்றார்கள். போகவில்லை, மாறியது. ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரம் பதிவாகிறது. அன்றைய சராசரி விலைக்கும் தாங்கள் வாங்கிய விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதி வைக்க வேண்டும். டீலிங் ரூமுக்குள் கைபேசி கூடாது. பேசுவதெல்லாம் பதிவாகும் போனில்தான். 2020ல் செபி போட்ட சுற்றறிக்கை அப்படி.

செபி சும்மா போடவில்லை. ஃபண்ட் என்ன வாங்கப் போகிறது என்பதை வெளியாட்களுக்கு முன்கூட்டியே சொன்னார் என்று ஒரு பெரிய ஃபண்டின் டீலரை 2010ல் சந்தையிலிருந்தே தடை செய்தார்கள். 2022ல் ஆக்சிஸ் மியூச்சுவல் ஃபண்டில் இதே மாதிரிப் புகார் கிளம்பி, தலைமை டீலரையே வீட்டுக்கு அனுப்பினார்கள். 2024ல், இந்தத் திருட்டைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு ஒவ்வொரு ஃபண்ட் கம்பெனிக்குள்ளும் இருந்தாக வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. திருடன் இல்லாத ஊர் என்று யாரும் சொல்லவில்லை. கதவும் பூட்டும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவன் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. நம் குன்னூரிலும் இதே மாற்றம் நடந்தது. திரையை மட்டும் வாங்கி வந்து, பூட்டை மும்பையிலேயே விட்டுவிட்டோம்.

நான் 1977ல் இங்கே ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன், 2013ல் ஓய்வு பெற்றேன். குன்னூர் ஏலம் 1963ல் தொடங்கியது. வியாழன் லீஃப், வெள்ளி டஸ்ட். மேடையில் எங்கள் புரோக்கர், எதிரே வரிசையாக வாங்குபவர்கள், கையில் கேட்லாக். நிமிடத்துக்கு இரண்டு மூன்று லாட் ஓடும். தலையசைப்பு, பென்சில் தூக்கல், சுத்தியல்.

அந்த ஹாலை நினைத்துக் கண்ணீர் விடுகிற சில நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வியாதி இல்லை. ஒருவர் லாட்டை எடுப்பார், இன்னொருவர் "எனக்கும் பாதி" என்பார், அதோடு போட்டி முடிந்துவிடும். காலையில் டீக்கடையில் பேசிவைத்த விலை மத்தியானம் ஹாலில் நடந்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2002ல் தேயிலை வாரியத்துக்கு ஏ.எஃப். ஃபெர்குசன் நிறுவனம் அறிக்கை கொடுத்து, மின்னணு ஏலம் வேண்டும் என்று சொன்னபோது எங்கள் ஆபீசில் மனதுக்குள் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாக இருக்கலாம். 1679ல் ஆரம்பித்த லண்டன் ஏலமே 1998 ஜூன் 29ல் மூடப்பட்டுவிட்டது. குன்னூர் ஹால் மட்டும் நிலைக்குமா?

2009 வாக்கில் திரை முழுசாக வந்தது. 2016ல் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஏலம் கேட்கலாம் என்றார்கள். 2022ல் பாரத் ஏலம் என்று முறையையே மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வாக்குறுதி: வெளிப்படைத்தன்மை.

யாருக்கு வெளிப்படை?

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஃபேக்டரியின் நல்ல லாட். எங்கள் டேஸ்டர் கிலோ 84 ரூபாய் மதிப்புப் போட்டிருந்தார், ஆரம்ப விலை 76. திரையில் ஒரே ஒரு கேள்வி வந்தது, 76க்கு. நேரம் முடிந்தது, விற்றாயிற்று. ஹாலாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சங்கடமான அமைதி விழும். புரோக்கர் மேடையிலிருந்து, "என்ன சார், இந்த டீக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்பார். பதில் வராவிட்டால் லாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார். திரையில் யாரும் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் நான் ஒரு பெரிய பாக்கெட் கம்பெனியின் குன்னூர் ஆளுக்கு போன் செய்தேன். முப்பது வருடப் பழக்கம், நாக்கில் அசாத்தியமான ருசி உள்ளவர். "டீ பிரமாதம். ஆனா லிமிட் மேலிருந்து வருது. சாம்பிளை அனுப்பி வைக்கிறதோட என் வேலை முடிஞ்சுது" என்றார். ருசி பார்த்து, பிடித்திருந்தால் இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கும் அதிகாரம் ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தது. அந்த டெஸ்க் ஊரை விட்டே போய்விட்டது.

அந்த 8 ரூபாய் யாருடையது என்று கணக்குப் போடுங்கள். பசுந்தேயிலை விலையை மாதாமாதம் ஏலச் சராசரியை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். 2003ன் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்த விலைப் பகிர்வு முறை அது. இப்போது விவசாயிக்கு 65, ஃபேக்டரிக்கு 35. ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ இலை என்று வைத்தால், சராசரி 100 ரூபாய் இருக்கும்போது இலைக்கு 14 ரூபாய் 44 காசு. அந்த லாட்டில் போன 8 ரூபாயில், இலை பறித்தவருக்கு கிலோவுக்கு 1 ரூபாய் 16 காசு நஷ்டம். இதைக் கேட்டு எங்கள் பக்கத்து ஹட்டி கவுடர் சிரித்தார். "எனக்கு மாசத்துக்கு ஒரு நம்பர்தான் சார் வருது. அது எப்படி வந்துச்சுன்னு கேட்டா, ஏலத்துல வந்துச்சுங்கறாங்க." 2023 செப்டம்பரில் நட்டக்கல்லில் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்களே, அதில் அவரும் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தவர்.

அங்கே என் அண்ணன் மகன் பணம் போட்டவருக்குக் கடமைப்பட்டவன். சட்டம் அப்படிச் சொல்கிறது, அதற்கு மேலே டிரஸ்டிகள் வேறு. இங்கே புரோக்கர் ஃபேக்டரியின் ஏஜென்ட். வாங்குபவரின் டெஸ்க் பாக்கெட் கம்பெனிக்கு விசுவாசம். நூற்றில் 65 யாருக்குச் சேர வேண்டுமோ, அவருக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி கிடையாது.

ஃபேக்டரிக்கும் விலை கூட வேண்டும்தானே, அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் பாட் லீஃப் ஃபேக்டரி நடத்தினவர்களிடம் பேசிப் பாருங்கள். விறகுக்காரன், கரன்ட் பில், கூலி, பாங்க் வட்டி எல்லாம் ஒரே வாரத்தில் கதவைத் தட்டும். இந்த வாரம் விற்காவிட்டால் அடுத்த வாரம் இலை வாங்கப் பணம் இல்லை. நல்ல விலைக்காகக் காத்திருக்க அவருக்கு வசதி இல்லை. கூட்டுறவு ஃபேக்டரிகளுக்காக இன்கோசர்வ் 2003லேயே டீசர்வ் மின்னணு ஏல மையத்தை ஆரம்பித்ததை நான் மறக்கவில்லை. இலைக்காரருக்கு ஒரு டெஸ்க் என்ற யோசனைக்கு மிக நெருங்கி வந்தது அதுதான். ஆனால் அங்கே கேட்க வருபவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். கதவு புதுசு, விருந்தாளி பழசு.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. டேஸ்டர் போட்ட மதிப்புக்குக் கீழே ஒரு லாட் விற்றால், ஏன் விற்றது என்று புரோக்கர் இரண்டு வரி எழுதட்டும். அதற்கு எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையை, மாத விலையோடு சேர்த்து ஹட்டியில் ஒட்டும் நோட்டீசில் போடட்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஏல நாளில் புரோக்கர் டெஸ்க்கும் வாங்குபவர் டெஸ்க்கும் பதிவாகும் போனில் மட்டும் பேசட்டும். மும்பையில் நடக்கிற காரியம் குன்னூரில் ஏன் நடக்காது? மாத விலையை நிர்ணயிக்கும் கமிட்டி அந்தக் காகிதங்களைப் பார்க்கட்டும். அதைப் படிக்கத் தெரிந்த ரிடையர்டு டேஸ்டர்கள் இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள், சம்பளம் இல்லாமலே வருவார்கள்.

என் பழைய சகா ஒருவர், "அதெல்லாம் வியாபார ரகசியம்ப்பா" என்றார். ஃபண்ட் கம்பெனிக்காரர்களும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்களாம்.

இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். கவுடரும் அவர் ஹட்டியில் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அடுத்த திங்கட்கிழமை தேயிலை வாரிய அலுவலகத்திலும் கலெக்டர் குறைதீர் நாளிலும் கொடுக்கப் போகிறோம். தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் சனிக்கிழமை மாலைக்குள் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடலாம். மழை பெய்தால் குடையோடு வாருங்கள், டீ நான் தருகிறேன்.