வானத்தை மட்டும் நம்பாதே பாஸ்!

காரைக்குடி பக்கம் பெரிய வீடு எதுக்காவது போனீங்கன்னா, செல்போன்ல மேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு உள்ளே நடந்து பாருங்க. வளவுல, அதாவது நடு முற்றத்துல, நீலப்புள்ளி கச்சிதமா நிக்கும். மேலே வானம் தெரியுதே! அப்படியே ரெண்டாம் கட்டுக்குள்ள போங்க. புள்ளியைச் சுத்தி ஒரு வட்டம் வீங்க ஆரம்பிக்கும். 'நீ முன்தெருவுலயும் இருக்கலாம், பின்தெருவுலயும் இருக்கலாம்'னு போன் சமாளிக்கும். (ரெண்டு தெருவுக்கும் நீளுற வீடுங்கறதால, அது சொல்றதுலயும் நியாயம் இருக்கு!)

காரணம் சிம்பிள். ஜி.பி.எஸ். சாட்டிலைட் சுத்தறது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல. தரைக்கு வந்து சேரும்போது சிக்னல், ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்குங்கற அளவுக்குத் தேஞ்சு போயிடும். தடிச் சுவரைத் தாண்டத் தெம்பு ஏது? அதனால போன், பக்கத்து செல் டவரையும் வை-ஃபையையும் வெச்சு குத்துமதிப்பா இடம் சொல்லுது. தரையிலிருந்து வர்ற ரேடியோ அலை!

இது பழைய ஐடியாதான். இரண்டாம் உலகப் போர்லயே 'லோரான்' வந்தாச்சு. குன்றக்குடியிலும் தேவகோட்டையிலும் ஒரே நொடியில வேட்டு போடறாங்கன்னு வெச்சுக்கோங்க. குன்றக்குடி வேட்டு ஒரு செகண்ட் முந்திக் கேட்டா, தேவகோட்டையைவிட அது உங்களுக்கு சுமார் 340 மீட்டர் கிட்டக்க இருக்கு. திருமயத்துல மூணாவதா ஒண்ணு போட்டா, நீங்க இருக்கற இடம் மாட்டிக்கிச்சு. வேட்டுக்குப் பதில் ரேடியோ, அவ்வளவுதான். இந்தியாவுல குஜராத் பக்கம் ஒரு லோரான் சங்கிலி, வங்காளம்-ஒரிசா பக்கம் ஒண்ணு இருந்துச்சு. தெற்கே வரவே இல்லை. 2010-ல அமெரிக்காவே தன்னோட லோரானை இழுத்து மூடிடுச்சு. சாட்டிலைட் இருக்கும்போது இது எதுக்கு?

எதுக்குன்னு தென்கொரிய மீனவர்களைக் கேளுங்க. 2016-ல வடகொரியா பக்கமிருந்து ஜி.பி.எஸ்.ஸைக் குழப்பினதுல, நூத்துக்கணக்கான படகுகள் பாதியிலேயே கரை திரும்புச்சு. அதுக்கப்புறம் அந்த நாடு, தரையிலிருந்து பலமா வீசற 'இ-லோரான்' சோதனையில் மும்முரமா இறங்கிச்சு. 2020-ல அமெரிக்காவும் 11 கம்பெனிகளோட மாற்று வழிகளை டெஸ்ட் பண்ணிப் பார்த்துச்சு. 2025-ல டெல்லி ஏர்போர்ட் பக்கத்துலயே விமானங்களுக்குப் பொய் ஜி.பி.எஸ். சிக்னல் வந்ததா நம்ம அரசு பார்லிமென்ட்ல ஒப்புக்கிச்சு. கைகொடுத்தது தரையில இருக்கற பழைய கருவிகள்தான்.

இப்போ நம்ம தொண்டி, ராமேஸ்வரம் படகுகளை யோசிங்க. பாக் நீரிணையில் எல்லைக்கோட்டைத் தண்ணியிலயா வரைஞ்சிருக்கு? கையில இருக்கற ஜி.பி.எஸ். பெட்டிதான் சாட்சி. அது ஒரு ராத்திரி பொய் சொன்னா, விடியறப்போ படகும் ஆளும் இலங்கைக் கடற்படை கையில. (தாண்டறவங்க எல்லாரும் தெரியாமத்தான் தாண்டறாங்கன்னு சொல்ல வரலை, அது வேற கதை!) நம்ம 'நாவிக்' இருக்கேன்னு கேப்பீங்க. அதுவும் வானத்துல இருந்துதான் பேசுது பாஸ். கடலோரத்துல ரெண்டு மூணு டவர் வெச்சு ஒரு தடவையாவது டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்ங்கறதுதான் நம்ம கட்சி.

டவர் கட்ட நம்மகிட்ட காசு இல்லை. ஆனா அழகப்பா இன்ஜினீயரிங் காலேஜ் இ.சி.இ. மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு அலையறீங்கதானே? நாலு வை-ஃபை ரவுட்டரைத் தூக்கிக்கிட்டுத் தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போங்க. மூலைக்கு ஒண்ணு வெச்சு, தூரத்தை அளக்க விடுங்க. ஆத்தங்குடித் தரையில சாக்பீஸால கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தனை மீட்டர் தப்பு வருதுன்னு எழுதுங்க. சிக்னல் சுவர்ல மோதி எதிரொலிச்சு ஏமாத்தப் பார்க்கும். கட்டம் போடறதுக்கு முன்னாடி ஆச்சிகிட்ட பர்மிஷன் வாங்கிடுங்க!