துருப்பிடித்த ஸ்க்ரூ... தலை வழுக்குவதற்கு முன் இதைக் கவனியுங்கள்!

"சார், ஸ்க்ரூ தலை போச்சு... டிரில் போட்டுத்தான் எடுக்கணும். கொஞ்சம் லேட்டாகும்!"

பிரேக் டிஸ்க் மாற்ற காலையில் காரை விட்டவருக்கு மதியம் இப்படி ஒரு போன் வந்தால், பில் எகிறப்போகிறது என்று அர்த்தம். டிஸ்க்கை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பொடி ஸ்க்ரூக்கள்தான் அரை நாளைத் தின்றுவிடும்.

பல ஹோண்டா கார்களில் இந்தக் கதை ரொம்பப் பிரசித்தம். சக்கரத்தைக் கழற்றினால், டிஸ்க்கின் நடுப்பகுதியில் தலை உள்ளே பதிந்த இரண்டு ஸ்டார் ஸ்க்ரூக்கள் தெரியும். 6 மில்லிமீட்டர் தடிமன்தான். அவற்றை இறுக்க வேண்டிய அளவு சுமார் 10 நியூட்டன் மீட்டர். சக்கர நட்டுகளுக்கோ 108! டிஸ்க்கை உண்மையில் அழுத்திப் பிடிப்பது அந்த நட்டுகள்தான். சக்கரத்தை மாட்டும்வரை டிஸ்க் நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே ஸ்க்ரூக்களின் வேலை.

இவ்வளவு லேசாக இறுக்கிய ஸ்க்ரூ ஏன் அசைய மறுக்கிறது? இரும்பு துருவாக மாறும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு நடுவே இருப்பதோ தலைமுடி அளவு இடைவெளி. அதில் துரு ஊதிப் பெருத்தால், ஆப்பு அடித்த மாதிரிதான். பிரேக்கின் சூடு, மழைத் தண்ணீர், கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று என எல்லாம் சேர்ந்து சில வருடங்களில் அதை ஒட்டவைத்துவிடுகின்றன.

தலை போவதற்குப் பெரும்பாலும் துருவைவிட திருப்புளிதான் காரணம். ஜப்பானிய கார்களின் ஸ்டார் காடி, நம் டூல்பாக்ஸில் கிடக்கும் பிலிப்ஸ் திருப்புளிக்கு அப்படியே பொருந்தாது. ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானிய அளவு வேறு. அதிலும் இதற்குத் தேவை 3-ம் நம்பர். கையில் கிடைத்த 2-ம் நம்பரை வைத்துத் திருகினால், முனை மேலே ஏறி வழுக்கும். இரண்டு முறை வழுக்கினால் காடி கிண்ணமாகிவிடும்.

முதலில் காடியில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும். பிறகு துரு இளக்கும் ஸ்ப்ரே. பலரும் எடுப்பது டபிள்யூ.டி-40. 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், அட்லஸ் ஏவுகணையின் வெளிப்பரப்பைத் துருவிலிருந்து காக்க உருவானது அது. நீரை விரட்டும் கலவைக்கான 40-வது முயற்சி என்பதால் அந்தப் பெயர். அவசரத்துக்கு உதவும். ஆனால், துரு இளக்குவதற்கென்றே விற்கும் பெனிட்ரேட்டிங் ஆயில் இன்னும் நல்லது. எதை அடித்தாலும் ஊற நேரம் கொடுக்க வேண்டும். முந்தின நாள் இரவே அடித்து வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய டிஸ்க் எப்படியும் போகப்போகிறது, பேடில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

அடுத்து வருவதுதான் அசல் ஆயுதம்: கையால் அடிக்கும் இம்பேக்ட் டிரைவர். தலையில் சுத்தியலால் அடித்தால், அதே அடியில் முனை காடிக்குள் அழுந்தி, கொஞ்சம் திரும்பவும் செய்யும். வழுக்க வழியே இல்லை. திசையைக் கழற்றும் பக்கம் வைத்து, இடதுபுறமாக அழுத்திப் பிடித்து, கனமான சுத்தியலால் தயங்காமல் அடிக்க வேண்டும். செல்லமாகத் தட்டினால் காடிதான் கெடும். ஜாக்கியை மட்டும் நம்பி இதைச் செய்யவே கூடாது, அடியின் அதிர்வில் கார் இறங்கிவிடலாம். ஸ்டாண்ட் கட்டாயம். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியும் தலை போய்விட்டதா? பதற வேண்டாம். மரையைவிடச் சற்றுப் பெரிய டிரில் பிட்டால் தலையை மட்டும் கடைந்து எடுத்தால் டிஸ்க் வெளியே வந்துவிடும். மிச்சமிருக்கும் தண்டில் இறுக்கம் குறைந்திருக்கும், வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டரை நுழைத்து முறுக்குபவர்கள் ஜாக்கிரதை. அது உள்ளே ஒடிந்தால், சாதாரண டிரில் பிட் அதன்மேல் பல்லைக்கூடப் பதிக்காது.

ஸ்க்ரூ போன பிறகும் டிஸ்க் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் சுத்தியலால் சாத்துவது பலரின் வழக்கம். அந்த அடி வீல் பேரிங்குக்கும் போய்ச் சேரும். ஹோண்டா டிஸ்க்கில் இதற்கென்றே இரண்டு மரை ஓட்டைகள் இருக்கின்றன. 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அதில் மாட்டி, மாற்றி மாற்றி 90 டிகிரி திருப்பினால் டிஸ்க் தானாக வெளியே தள்ளப்படும். கழற்றிய காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல், கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது புது ஸ்க்ரூ போடுங்கள், விலை சொற்பம்தான். மரையில் துளி ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் தடவினால் அடுத்த முறை சுத்தியலுக்கு வேலை இருக்காது. ஆனால், அதைச் சக்கர நட்டுகளின் மரையில் தடவக் கூடாது. இறுக்கும் அளவே மாறிவிடும். அந்த நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.