வாசகனுக்கும் பாத்தியதை உண்டு

பட்டுப்புடவை வாங்கப் போகும் நம் பெண்மணிகள், கடைக்காரர் விரித்துக் காட்டும் முகப்பைக் கண்டு மயங்கிவிடாமல், முந்தானையைப் புரட்டி உட்புறத்தில் ஜரிகை எப்படி ஓடியிருக்கிறது என்று பார்த்த பிறகே விலை பேசத் துணிவார்கள். தினந்தோறும் கணினித் திரையில் பத்திரிகை படிக்கும் நாமோ, அந்தப் பக்கத்தையும் அவ்வாறே புரட்டிப் பார்க்கலாம் என்பதை அறியாமல், எழுத்து மங்கலாகத் தெரிந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறோம்.

சென்ற வாரம் நானும் முதலில் கண்ணாடியைத்தான் துடைத்தேன். இணையப் பத்திரிகை ஒன்றில் நீண்ட தமிழ்க் கட்டுரை. எழுத்தெல்லாம் வெளிறிய சாம்பல் நிறம். மேல்வரியில் வரும் ‘பு’வின் கால், கீழ்வரியில் வரும் ‘கீ’யின் கொக்கியை முட்டாத குறையாகத் தொங்கிற்று. பத்தியின் மீது சுட்டியின் வலது பொத்தானை அழுத்தி ‘இன்ஸ்பெக்ட்’ என்பதைத் தேர்ந்ததும் (எஃப் 12 விசையும் இதே வாசலைத் திறக்கும்), பக்கத்தின் எலும்புக்கூடாகிய எச்.டி.எம்.எல். ஒரு பாதியிலும், அதற்கு நிறமும் அளவும் வகுக்கும் சி.எஸ்.எஸ். விதிகள் மறு பாதியிலுமாகப் பிரத்யட்சமாயின. எழுத்தின் நிறம் #999; வரி உயரம் 1.2. நிறச் சதுரத்தைத் தொட்டவுடன், வெள்ளைப் பின்னணியில் இதன் ஒளி வேறுபாடு 2.85 தான் என்று கருவியே சொல்லிற்று. சர்வதேச அணுகல் நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் கோருவது 4.5. நிறத்தை #222 ஆக்கி, ஆங்கிலத்துக்குப் போதுமானதாயினும் மேலே கொக்கியும் கீழே சுழியும் தாங்கும் நம் லிபிக்குப் போதாத அந்த 1.2-ஐ 1.8 ஆக்கி, வரிக்கு மூன்று சொல்லே அடங்கும் இடத்தில் இரு ஓரத்தையும் நேராக்கப் போய் நடுவில் பள்ளம் பள்ளமாக விட்டிருந்த ‘ஜஸ்டிஃபை’ என்ற கட்டளையையும் நீக்கினேன். கண்ணுக்கு ஆசுவாசம் உண்டாயிற்று.

கற்க விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல உபாத்தியாயர் கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம். ஒரே பத்திக்கு நான்கைந்து இடங்களிலிருந்து கட்டளைகள் வந்து மோதும்போது, தோற்ற விதிகளின் குறுக்கே கோடிட்டு, வென்றதை மட்டும் அந்த சி.எஸ்.எஸ். விதிப்பட்டியல் கோடின்றி விட்டிருக்கிறது. எது ஏன் வென்றது என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆராய்ந்தவன், பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை மனனம் செய்தவனைவிட அதிகம் அறிவான். 2006-இல் ஜோ ஹியூவிட் என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காக ‘ஃபயர்பக்’ என்ற துணைக்கருவியை வெளியிட்ட பிறகே இந்த வசதி பரவலாயிற்று.

பக்கத்தை இப்படித் திருத்திப் பார்ப்பதைக் குறும்புத்தனம் என்று கருதுவோர் உண்டு. அடுத்த வீட்டுப் பையன் தேர்வு முடிவுப் பக்கத்தில் 61 என்பதை 100 ஆக்கித் தாயாரைக் கூப்பிட்டுக் காட்டியதும், அவர் கோவிலுக்குப் புறப்பட்டதும் வாஸ்தவமே; ஆயினும் பக்கத்தை மறுபடி ஏற்றியவுடன் பழைய 61 திரும்பி வந்துவிட்டது. மாற்றம் நம் திரையோடு சரி. மூலம் இருக்கும் இடத்தை அது தீண்டுவதில்லை. (முன்பின் தெரியாதவர் கொடுத்த நிரலை ‘கன்சோல்’ பகுதியில் ஒட்டுவது மட்டும் ஆபத்து, அது வேறு விஷயம்.) 2021-இல் அமெரிக்காவின் மிசூரி மாநில ஆளுநர், அரசின் இணையப் பக்கத்து மூல நிரலிலேயே ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் கிடப்பதைக் கண்டு எச்சரித்த பத்திரிகையாளர் மீதே வழக்குத் தொடரப்போவதாக முழங்கினார், மறு ஆண்டு அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்ட மறுத்துவிட்டார். வலது பொத்தானை முடக்கி வைத்திருக்கும் நம் இணையதளங்களின் மனோபாவமும் ஏறத்தாழ இதுவே. பக்கம் முழுவதையும் என் கணினிக்கு அனுப்பிவிட்டு, அதை நான் புரட்டலாகாது என்பதில் என்ன நியாயம்?

மேலும், இது வாசகன் திருடிக்கொண்ட சலுகையன்று. ஜெனிவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹோகோன் வியும் லீ 1994 அக்டோபர் 10 அன்று சி.எஸ்.எஸ். யோசனையை முன்வைத்தபோதே, பக்கத்தின் தோற்றத்தை நிர்ணயிப்பதில் எழுதியவருக்கும் படிப்பவருக்கும் பங்கு உண்டு என்பதை அதில் பொதிந்து வைத்தார். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்போ, இருவரும் ‘முக்கியம்’ என்று குறித்த விதிகள் மோதினால் வாசகருடையதே வெல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் இன்றும் அதுவே. ஆனால் வாசகர் தம் சொந்த சி.எஸ்.எஸ். விதிகளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வழியைக் குரோம் உலாவி 2014-இல் எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 முதல், தேடிப்பிடித்துத் திறந்தாலொழியத் திறவாத அறைக்குள் அதைத் தள்ளிவிட்டது. பத்திரம் நம் பெயரில் இருக்கிறது, வாசற்கதவுக்குப் பூட்டு.

அந்த அறையைத் தேடித் திறந்து, மூன்று விதிகளை நான் எழுதி வைத்திருக்கிறேன். மறுநாள் காலையிலிருந்து அந்தப் பத்திரிகை என் வீட்டில் கறுப்பு எழுத்திலேயே விடிகிறது. 1.8 என்ற எண்ணைக் குறிப்பிட்டு ஆசிரியருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.